பச்சை ஆறும்வரை பூனையை என்ன செய்வது?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் புதிதாக டாட்டூக் கடை போட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஊசி பிடிப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். உங்கள் மெஷின்கள் சத்தம்கூடப் போடுவதில்லை. எனக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் என் மெஷினைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அதில் பெரிய வருத்தம் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறினேன். லாரி போன ஊர், அது பழுதாகி நின்ற ஊர், முதலாளி இறக்கிவிட்ட ஊர் என்று பல ஊர்களில் இருந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். பட்டினியும் கிடந்திருக்கிறேன். கடைசியில் கோவாவில் ஒரு டாட்டூக் கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. தொழில் அங்கே வந்தது.

அந்தக் கடைக்காரர் தெருநாய்களோடு வாழ்ந்தவர். ஆள் வந்து உட்கார்ந்ததும், என்ன படம், எந்த இடம் என்று கேட்பதற்கு முன்பே, "உன் கட்டிலில் யார் யார் படுப்பார்கள்?" என்று கேட்பார். வந்தவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். நாயா, பூனையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்வியை நான் ஊருக்குக் கொண்டு வந்தேன். ஆனால் நம் பக்கத்தில் அதை அப்படியே கேட்டால் அடி விழும். அதனால், "வூட்டுல யார் யாரு இருக்கீங்க?" என்று மாற்றிக்கொண்டேன்.

நாம் குத்திவிடுகிறோம், ஆள் படியிறங்கிப் போய்விடுகிறார். புண் ஆறுவது அவர் வீட்டில். அந்த வீட்டில் ஆடு இருக்கும், நாய் இருக்கும், கோழி கட்டிலுக்கு அடியில் முட்டையிட்டிருக்கும். பெரிய நகரங்களில் கொடுக்கும் அறிவுரைத் தாளில் 'செல்லப்பிராணிகளைத் தள்ளி வைக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி நம் ஆட்களை அனுப்பிவிடாதீர்கள்.

விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவன் வந்து, தான் வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளையின் முகத்தை முன்கையில் குத்திக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கையில் இருந்த காளைப் படத்துக்கு ஒரு கொம்புதான் மிச்சம் இருந்தது. கையில் இருக்கும் வியர்வை உப்புக்காகக் காளை தினமும் அந்தக் கையைத்தான் நக்குமாம். புதுப் பச்சை என்று அதற்குத் தெரியுமா? "ஏன்டா நக்க வுட்ட?" என்று கேட்டால், "அவன் மூஞ்சிய அவனே நக்குறான், நான் என்னண்ணே சொல்றது?" என்றான். அவனைத் திட்டிப் பயனில்லை. ஆறிய பிறகு கொம்பைத் திரும்பக் குத்தினேன். அடுத்த தடவை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இடக்கையை நக்கக் கொடுத்துச் சமாளித்தான்.

அது சிரித்துவிட்டுப் போகும் கதை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

அப்போது என் கடை அரியலூரில், மாடியில் இருந்தது. ஒரு நாள் காலை வயதானவர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா. வரதராஜன்பேட்டைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். யாருக்கோ பத்திரிகை வைக்க வந்தவர் வழி தவறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"பச்சை குத்தணும் தம்பி," என்றார். "எனக்குத்தான்."

சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, இடது மார்பில் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். சின்னதாக ஒரு சிலுவை, நாலு மூலையிலும் நாலு புள்ளி. அவர் மனைவி சிறு பெண்ணாக இருந்தபோது, ஊர் ஊராக வரும் பச்சை குத்தும் அம்மா ஒருத்தி அந்தப் பெண்ணின் முன்கையில் குத்திவிட்டது அது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை.

"அவ கை இங்கதான் கெடக்கும்," என்றார். "தூங்கறப்ப. கண்ணு முழிச்சா அந்தச் சிலுவைதான் மொதல்ல தெரியும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சர்க்கரை உண்டு, கட்டுக்குள் இருக்கிறது என்றார். டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறு வாரமே சரி என்ற பதிலோடு வந்து நின்றார். அடுத்து என் வழக்கமான கேள்வி.

"வூட்டுல யார் யாரு சார் இருக்கீங்க?"

"நானும் ஹெட்மாஸ்டரும்."

"கூட வேலை பாத்தவரா சார்?"

அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "பூனை தம்பி. நான் கடைசி வரைக்கும் ஹெட்மாஸ்டர் ஆவலை. வூட்டுக்கு ஒரு ஹெட்மாஸ்டர் வேணும்ல, நீங்கதான் ஆவலையேன்னு சொல்லி அவ வெச்ச பேரு. பய என்னைய மொறைச்சுப் பாக்கறது அசல் ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கும்."

மனைவி இருந்தவரை அந்தப் பூனை இவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லையாம். நாற்காலியில் இவர் உட்கார்ந்தால் அது எழுந்து போய்விடும். மனைவி போன பிறகுதான் இவரிடம் வந்தது. படுத்தால் போதும், மார்பில் ஏறி, முன்னங்கால் இரண்டாலும் மாவு பிசைவது போல மாற்றி மாற்றி மிதிக்குமாம். மிதித்துவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிவிடுமாம். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிடிகொடுக்காத மாணவன் ஒருவன் கடைசியில் தன்னிடம் வந்து சந்தேகம் கேட்டதைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குக் கவலை வந்தது. பூனை நகம் மெல்லியது, ஆழமாக இறங்கும், அழுக்கு உள்ளே தங்கும். புதுப் பச்சை என்பது திறந்த புண். அதுவும் சர்க்கரை உள்ள உடம்பு. "கையில குத்திக்கலாம் சார், அம்மாவுக்கு இருந்த மாதிரியே," என்றேன்.

"கையில அவளுக்கு இருந்துச்சு. எனக்கு இங்கதான் இருந்துச்சு," என்றார்.

அங்கேயே குத்தினேன். சின்ன வேலைதான். அவர் அசையவே இல்லை. போகும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறும்வரை பூனை அறைக்குள் வரக் கூடாது. பூனையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மார்பில் மருந்து தடவ வேண்டும். விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்ததாக இருக்க வேண்டும், ஒரு முடிகூட இருக்கக் கூடாது. படுக்கும்போது மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேலே போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சில நாள் கழித்து போன் வந்தது. "தம்பி, லேசா செவந்திருக்கு. ஒண்ணும் பெருசா இல்ல."

பெரிதாக இல்லை என்று ஒருவர் போன் செய்து சொன்னால் உடனே கிளம்புங்கள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு பைக்கை எடுத்தேன். ஜெயங்கொண்டம் வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே போனேன். அதைத் தாண்டினால் முந்திரித் தோப்புகள். அவர் வீடு ஒரு தோப்பின் ஓரத்தில் இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மார்பு மேல் நாலாக மடித்த பழைய நூல் சேலை ஒன்று. நீலத்தில் வெள்ளைக் கட்டம். அதை விலக்கிக் காட்டினார். சிலுவையை ஒட்டி இரண்டு கீறல், சுற்றி வீக்கம். சீழ் இல்லை. ஆனால் தொட்டால் சுட்டது.

"உள்ள வுட்டுட்டீங்களா சார்?"

"கதவ மூடிதான் வெச்சிருந்தேன் தம்பி. வெளிய நின்னு அப்படி ஒரு கத்து. கதவப் பிராண்டுறான். மீனு வெச்சா மோந்துகூடப் பாக்கலை. எத்தனை நாளைக்குப் பாக்கறது? நகம் படக் கூடாதுன்னுதான் இதை நாலு மடிப்பா போட்டுக்கிட்டேன். நீங்கதான பருத்தித் துணி போட்டுக்கலாம்னீங்க. வூட்டுல இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கறது இதுதான்."

"தொவைச்சதா சார்?"

அவர் சேலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "தொவைச்சா போயிடுமே தம்பி," என்றார்.

மற்ற சேலைகளையெல்லாம் மனைவியின் தங்கைகள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போனார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் கழற்றிப் போட்ட இந்த ஒன்றை மட்டும் இவர் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து படுத்தால் இதைத்தான் போர்த்திக்கொள்கிறார். கடையில் இதை என்னிடம் சொல்லவில்லை. எவர்தான் சொல்வார்?

சேலையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு, அவரை பைக்கில் உட்காரவைத்து ஜெயங்கொண்டத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வீக்கமும் சூடும் இருந்தால் நீங்கள் மருந்து சொல்லாதீர்கள். நம் வேலை ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

அந்த டாக்டர், நம் கணக்கு சாரிடம் படித்தவராம். சட்டையை விலக்கிப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"சார்! எங்க கையில பேனாவால படம் வரைஞ்சா முட்டி போட வெப்பீங்களே சார்!"

"அது பரீட்சை சமயம்டா," என்றார் சார்.

டாக்டர் சிரித்தார். பிறகு கீறலைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். ஊசி போட்டு, மாத்திரை எழுதினார். "இப்ப பயமில்ல சார். ஆனா இன்னொரு தடவை அந்தப் பூனை மேல ஏறிச்சுன்னா நான் உங்கள ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுருவேன். ஆறுற வரைக்குமாவது அதை எங்கயாச்சும் அனுப்பிருங்க."

திரும்பி வந்து, சார் வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்: "ஏலாக்குறிச்சியில என் மச்சினன் வூடு இருக்கு. நீங்களே கொண்டுபோயி வுட்டுடுங்க தம்பி. எனக்கு மனசு வராது."

"ஆறுனதும் திரும்பக் கூட்டியாந்துரலாம் சார்."

"அங்க மூணு நாயி. அவன் ஓடிப்போயிடுவான்," என்றார். "அவனைப் பாத்துக்கங்கன்னு அவ சொன்னா. கடைசியா வாயத் தொறந்து சொன்னதுல அதுவும் ஒண்ணு."

பச்சையை விட்டுவிடலாம் என்றாலும் முடியாது. அது உடம்பில் ஏறிவிட்டது, ஆறியே ஆக வேண்டும். அந்த மனிதர் கேட்டது மனைவியின் கை கிடந்த இடத்தில் ஒரு அடையாளம். அதற்காக மனைவி விட்டுப்போன உயிரை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஊசியைப் பிடித்தவன் நான்.

முந்திரிக்கொட்டை அள்ளும் கூடை ஒன்றையும் கட்டுவதற்கு ஒரு சாக்கையும் எடுத்துக் கொடுத்தார். பூனை கொல்லைப்பக்கச் சுவரில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், பெரிய தலை. அசல் ஹெட்மாஸ்டர்தான். நான் கிட்டே போனால் எட்டிப் போனது.

"நீங்க போனா வர மாட்டான். நான் படுத்தா தானா வருவான்," என்றார் சார். "ஏறுறப்ப புடிச்சுக்கங்க. மெதுவா. வாலைப் புடிக்காதீங்க."

சட்டையோடு கட்டிலில் மல்லாந்து படுத்தார். அவர் மேல் துவைத்த போர்வை ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் கூடையோடு கதவின் பின்னால் நின்றேன். மத்தியான வெயில் நேரம். தோப்பில் ஒரு சத்தமும் இல்லை.

பூனை வந்தது. வாசற்படியில் நின்று பார்த்தது. உள்ளே வந்து கட்டில் காலில் முதுகை உரசியது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார். அது கட்டிலில் ஏறவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேராக நாற்காலிக்குப் போய், தாவி, சேலையில் ஏறியது. முகத்தை மடிப்புக்குள் புதைத்தது. பிறகு முன்னங்கால்களால் மாற்றி மாற்றி மிதிக்க ஆரம்பித்தது. நான் நின்ற இடம் வரை அதன் தொண்டைச் சத்தம் கேட்டது.

"வந்துட்டானா தம்பி?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார். மிக மெதுவாக, அது பயந்துவிடக் கூடாது என்பது போல.

எனக்குப் புரிந்துவிட்டது. அது ஒரு நாளும் அவரிடம் வந்ததில்லை.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். எதிரில் லாரி வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றுகூட நான் அவ்வளவு யோசித்ததில்லை. பேசாமல் நாற்காலியிலிருந்து அதைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பூனை தன்னைத் தேடி வந்தது என்ற நினைப்பு அவருக்கு மிச்சம் இருக்கும். பூனை இருக்காது. சொன்னால் பூனை இருக்கும், அந்த நினைப்பு போய்விடும். ஏற்கெனவே நிறையப் போன மனிதர்.

நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"கண்ணத் தொறந்து பாருங்க சார்," என்றேன்.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து பார்த்தார். பூனை அவரைச் சட்டை செய்யவில்லை. அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் விளக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

"அடத் திருட்டுப் பயலே," என்றார் கடைசியில். குரல் உடைந்தது, ஆனால் சிரிப்பும் கலந்திருந்தது. "நான் என்னமோ என்கிட்ட வந்துட்டான்னுல்ல நெனைச்சுட்டு இருந்தேன்." காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, "நானும் அந்த வாசனைக்குத்தான படுத்துக் கெடந்தேன். அவனும் அதுக்குத்தான் வந்திருக்கான்," என்றார்.

"சேலைய அவனுக்குக் குடுத்துட்டா உங்க பக்கம் வர மாட்டான் சார். அடுத்த ரூம்புல போட்டு வெச்சா அங்கயே கெடப்பான். எங்கயும் அனுப்ப வேணாம்."

"நார் நாராக் கிழிச்சுடுவானே தம்பி."

"கிழிப்பான் சார்."

"அவ வாசனை போயி இவன் வாசனை ஆயிடும்."

"ஆயிடும் சார்." பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுந்து நாற்காலி பக்கம் போய் நின்றார். சேலையின் ஒரு முனை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பக்கத்து அறையில் கூடை இருந்தது. அதற்குள் சேலை மடித்து விரிக்கப்பட்டு, அதன் நடுவில் பூனை சுருண்டிருந்தது. பக்கத்தில் தட்டில் வைத்த மீன் பாதி காலி. சார் வாசலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அதன் பிறகு பூனை கதவைப் பிராண்டவில்லை. வீக்கம் வடிந்தது. புண் ஆறி, தோல் உரிந்து, சிலுவையும் நாலு புள்ளியும் ஒழுங்காக நின்றன. கீறல் இருந்த இடத்தில் ஒரு சின்ன வெளுப்பு மட்டும் தங்கியது. அதை மை வைத்து மறைக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார்.

நீங்கள் ஆளை உட்காரவைத்ததும் வீட்டில் யார் யார் என்று கேளுங்கள். நாயா, பூனையா, ஆடா என்று கேளுங்கள். அது எங்கே படுக்கும், எதை நக்கும், எதில் ஏறும் என்று கேளுங்கள். முடிந்தால் ஊசியை எடுப்பதற்கு முன்பே பச்சையின் இடத்தை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்தப் பிராணிக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். அதைத் துரத்திவிடு என்று சொல்வது சுலபம். சொன்னவர் கடையில் இருப்பார். கேட்டவர்தான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் சாருக்கு போன் செய்தேன். "இனிமே பயமில்ல சார். வேணும்னா அந்தச் சேலைய எடுத்துத் தொவைச்சு வெச்சுக்கங்க. மிச்சம் இருக்கறதாவது இருக்கும்," என்றேன்.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் போல.

"தூங்கறான் தம்பி," என்றார். "எழுப்ப வேணாம்."